என் மனுவுக்கு நானே அடித்த பதில்

ஊட்டி

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே குளிரைத் தவிர எனக்குக் குறை ஒன்றுமில்லை. உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? பாப்பாவுக்கு இருமல் நின்றதா?

ஒரு வேடிக்கை கேளுங்கள். நம் அரியலூருக்கு மாற்றல் கேட்ட என் மூன்றாவது மனு சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து திரும்பி என் மேசைக்கே வந்தது. ஊழியர்களுக்கு மறுப்புக் கடிதம் அடிப்பது என் வேலைதானே. "யாரு சார் முடிவு பண்றது?" என்று கண்காணிப்பாளரிடம் கேட்டேன். "மேலதாம்மா" என்றார். சென்னைக்குப் போன் போட்டால், "உங்க ஆபீஸ்தான் பரிந்துரைக்கலியே" என்கிறார்கள். சுவீடனில் உங்கள் தம்பி வேலை பார்க்கும் நகராட்சியில் நேர் மேலதிகாரியே முடிவெடுப்பாராம். அங்கே கோபப்படவாவது ஓர் ஆள் இருக்கிறார். இங்கே "ஏற்க இயலாது" என்று எனக்கு நானே அடித்தேன், ஒரு பிழையில்லாமல்.

பாப்பாவுக்குப் பாவாடை தைக்க வேண்டும். அவள் உயரத்தை ஒரு நூலில் அளந்து அனுப்புங்கள். போன வருட அளவு இனி உதவாது.

தபால் கட்டப் போகிறார்கள். அந்த மறுப்புக் கடிதமும் இன்றைக்கே, மனுவில் நான் கொடுத்த நம் வீட்டு முகவரிக்குக் கிளம்புகிறது. உறையில் என் எழுத்தைப் பார்த்ததும் பாப்பா, "அம்மா கடிதம்" என்று ஓடி வருவாள். பிரிக்கக் கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள்
பரிமளா