ஸ்கேல் மாமாவின் மேசையில் அடிக்கும் போன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே அம்மா, தம்பி, நான் மூன்று பேரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் எழுந்திருக்கும்போதும் படுக்கும்போதும் எங்கள் நினைப்பு. போனில்தான் பேசிக்கொள்கிறோமே, எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். போனில் நான் ஏதாவது கேட்க வாயெடுத்தால் "அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா" என்று சொல்லி அடுத்த பேச்சுக்குத் தாவிவிடுகிறாய், நானும் உன் பின்னாலேயே தாவிவிடுகிறேன். காகிதத்தைக் கிழிக்கலாம், குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை, மாடி ஏறும்போது படிக்கு ஒரு தரம் என்னைத் திட்டுகிறாள், படியைக் கண்டுபிடித்ததே நான்தான் என்கிற மாதிரி. தம்பி லைசென்ஸ் தேர்வில் மறுபடியும் கோட்டைவிட்டான், ரிவர்ஸ் எடுக்கச் சொன்னால் இன்ஸ்பெக்டர் நிற்கிற இடத்தைத் தேடிப்போய் எடுத்திருக்கிறான். பக்கத்து வீட்டில் மாடி எழுப்புகிறார்கள், நம் அடுப்படிக்கு வெளிச்சம் போய்விட்டது, பகலிலேயே லைட் போட்டுத்தான் சமையல்.

இதெல்லாம் வீட்டுச் சங்கதி. நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. நம் ஸ்கேல் மாமா போன செய்தியை அன்றைக்கே உனக்குச் சொன்னேன், மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. ஒல்லியாக நெட்டுக்குத்தலாக இருப்பார், பேச்சையும் அளந்துதான் பேசுவார், அதனால் நகராட்சி ஆபீஸில் அந்தப் பெயர் விழுந்தது, மாமா என்று சேர்த்தது நீதான். லீவு நாளில் உன்னை ஆபீஸுக்குக் கூட்டிப்போனால் வேண்டாத தாளையெல்லாம் சதுரமாக வெட்டி நீ படம் வரையக் கொடுப்பாரே, அவர்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஒரு லாட்ஜில் மாத வாடகைக்கு அறை எடுத்து அதிலேயே காலத்தை ஓட்டிவிட்டார். அன்று காலை வேலைக்குக் கிளம்பி சட்டை போட்டு, நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலுக்கு ஷூ மாட்டியிருக்கிறார், அத்தோடு சரி. லாட்ஜ்காரர் ஆபீஸுக்குத்தான் போன் செய்தார். யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோது நானும் வாட்ச்மேனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இத்தனை வருஷம் அவர் பதிவறை வாசலிலும் நான் வரிப் பிரிவிலுமாக எட்டிப் பிடிக்கிற தூரத்தில் உட்கார்ந்திருக்கிறோம், அந்த மனுஷனுக்கு யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் நாங்களே எல்லாம் செய்தோம்.

அதற்கப்புறம்தான் அந்த மேசையில் போன் அடிக்க ஆரம்பித்தது. ஆரம்பித்தது என்று சொல்வது தப்பு, முன்பும் அடித்திருக்கும், நான் காலையில் வீடுவீடாக வரிக்கு அளவெடுக்கப் போய்விடுவேன், எனக்குத் தெரியாது. அவர் போன பிறகு ஆள் பற்றாக்குறையில் என்னை உள்ளேயே உட்கார வைத்தார்கள். காலையில் எல்லோரும் கையெழுத்துப் போட்டு, மின்விசிறியைப் போட்டு, உட்காருகிற நேரத்துக்கு அது அடிக்கும். யார் கூப்பிடுகிறார்கள் என்று காட்டாத பழைய கறுப்பு போன். நீளமாக அடித்து ஓயும், கொஞ்சம் பொறுத்து மறுபடி அடிக்கும். முதலில் சிரித்தார்கள், மாமா லீவு சொல்ல மறந்துட்டார், அதான் கூப்பிடுறார் என்றார்கள். ஒரு நாள் பியூன் எடுத்தான். எடுத்த மாத்திரத்தில் ஒரு பெண் குரல், "சார், இத்தனை நாளா எங்க போயிருந்தீங்க?" என்றதாம். ரிசீவரைக் கீழே போட்டுவிட்டு வந்தவன் அதற்கப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. அதோடு சிரிப்பும் நின்றது. கூட்டுகிற அம்மா அந்த மூலைக்குத் துடைப்பத்தைக் கொண்டுபோவதை நிறுத்திவிட்டாள், டைப்பிஸ்ட் தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். மேசையின் மேல் தூசி படிந்தது, அந்த போன் மட்டும் தூசிக்கு நடுவே அடித்துக்கொண்டே இருந்தது. எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது என்று உனக்குத் தெரியும், ஆனாலும் அது அடிக்க ஆரம்பித்தால் நான் எழுதுகிற எழுத்து கோணிக்கொண்டு போகும்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் நானே போய் எடுத்தேன். என் குரலைக் கேட்டதும் அந்தப் பெண் சுதாரித்துக்கொண்டு, மனப்பாடம் செய்ததை ஒப்பிக்க ஆரம்பித்தாள். வணக்கம் சார், நகராட்சிகளுக்கென்றே செய்த சாப்ட்வேர், பொதுமக்கள் கொடுக்கிற புகாரை நீங்கள் இப்போது எப்படிப் பதிகிறீர்கள் என்று ஒரே மூச்சில் போகிறாள். எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது பாப்பா. உன் கம்பெனி இல்லை, அதே தொழில் செய்கிற இன்னொன்று, நீ சேர்ந்த அதே கடைசிப் படி, நாளெல்லாம் முகம் தெரியாத ஆபீஸ்களுக்குப் போன் போட்டுப் பேசுகிற வேலை. நடுவில் நிறுத்தி, அம்மா, நீங்கள் தேடுகிறவர் தவறிவிட்டார் என்றேன்.  அவள் மெதுவாக, "அவர் பொண்ணுக்குச் சொல்லிட்டீங்களா சார்?" என்று கேட்டாள். எந்தப் பெண் என்றேன். வெளியூரில் வேலை பார்க்கிற பெண் என்றாள். அவருக்குக் கல்யாணமே ஆகவில்லையே அம்மா என்று நான் சொன்னதும் போனை வைத்துவிட்டாள். 

அதற்கு அடுத்த வாரம் அவள் நேரிலேயே வந்து நின்றாள். உன் வயதுதான் இருக்கும், தோளில் லேப்டாப் பை, பஸ்ஸில் வந்த கசங்கல். அவர் உட்கார்ந்த இடம் எது என்று கேட்டாள், காட்டினேன், எதிரே போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேசையில் இருந்த தூசியைத் தன் துப்பட்டாவால் துடைத்தாள். நான் தண்ணீர் கொடுத்துப் பேச்சுக் கொடுத்தேன். மாதக்கணக்காக அவரோடு பேசியிருக்கிறாள். மற்ற ஆபீஸ்களில் பெயரைச் சொன்னதுமே வைத்துவிடுவார்களாம், இவர் ஒருத்தர்தான் முழுக்கக் கேட்பாராம், மேனேஜரிடம் எடுத்துச் சொல்கிறேன், அடுத்த வாரம் கூப்பிடு என்பாராம். அதை நம்பி அவள் தன் மேலாளரிடம் நம் ஆபீஸ் நிச்சயம் வாங்கிவிடும் என்று சொல்லிவைத்திருக்கிறாள், அவரும் தனக்கு மேலே சொல்லிவிட்டார்.  பதிவறை ஆளுக்கு இங்கே ஒரு பென்சில் வாங்கக்கூட அதிகாரம் கிடையாது. மேனேஜர் அம்மாவிடம் அவர் ஒரு வார்த்தை பேசினதில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதை அவளிடம் சொல்லவும் செய்தேன், சொல்லாமல் இன்னொரு மாதம் அலையவிடுவது பாவம். அவள் அழவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு, பரவாயில்லை சார், அவர் பொண்ணைப் பத்திச் சொன்னதும் பொய்யா என்று மட்டும் கேட்டாள்.

என்ன சொன்னார் என்றேன். சொன்னாள். அந்தப் பெண் இன்டர்வியூவுக்குப் போகிற வழியில் செருப்பு அறுந்து, ஊக்குப் போட்டு இழுத்துக்கொண்டே போய் வேலை வாங்கினாளாம். முதல் தடவை தனியாகச் சமைத்துப் பாத்திரத்தையே தூக்கிப்போட வேண்டி வந்ததாம். வண்டியிலிருந்து விழுந்து முட்டியில் தையல் போட்டதை வீட்டில் மறைத்துவிட்டு, போட்டோவில் கட்டுத் தெரிந்து மாட்டிக்கொண்டாளாம். பாப்பா, இதெல்லாம் நீ. ஒவ்வொன்றையும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னது. நம்மைப் போன்ற ஆபீஸுக்கெல்லாம் சாப்ட்வேர் விற்கிற கம்பெனி, என் பெண் அதில் சேல்ஸ் என்று நான் மார்தட்டாத நாள் கிடையாது. ஸ்கேல் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார், காதிலேயே வாங்கவில்லை என்று நினைத்திருந்தேன். என் பெண்ணை எடுத்து அந்த மனுஷன் தன் பெண்ணாக்கி வைத்திருந்திருக்கிறார். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது, மறைப்பானேன். நம் வீட்டுக்குள் யாரோ வெகுநாளாக நடமாடிக்கொண்டிருந்த மாதிரி ஒரு கூச்சம்.

அதற்குப் பிறகு அவள் சொன்னதைத்தான் என்னால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அவள் ஒரு நாள் மாமாவிடம், போன் போடவே பயமாக இருக்கிறது சார் என்று சொல்லியிருக்கிறாள். அதற்கு அவர், என் பெண்ணும் அப்படித்தான், காலையில் முதல் போனுக்கு முன்னால் கை நடுங்கும், பாத்ரூமில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றுவிட்டு வருவாள், வேலைக்குச் சேர்ந்த புதிதில் பேசிப் பழக என்னைத்தான் கூப்பிடுவாள், இப்போது பழக ஒன்றுமில்லை, சும்மாவே கூப்பிடுகிறாள் என்றாராம். இதை நான் எந்தச் சாப்பாட்டு நேரத்திலும் சொன்னதில்லை. எனக்கே தெரியாது. மாமா கற்பனையாகச் சேர்த்திருப்பார் என்று சமாதானம் செய்துகொள்ளப் பார்த்தேன். அந்தப் பெண் விடவில்லை. "ஒரு நாள் வாய் தவறி ஒண்ணு சொன்னார் சார். அவ அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கன்னு கேட்டுக்கிட்டா, அதான் சொல்லலைன்னார். அப்பா அவர்தானே, அம்மான்னு சொல்ல வந்து மாத்திச் சொல்றார்னு நினைச்சேன்" என்றாள்.

அவளிடம் நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். அந்தப் பெண் இருக்கிறாள் அம்மா, அவர் சொன்னதில் பொய் இல்லை, அவள் என் பெண் என்றேன். அப்போதுதான் அவளுக்குக் கண் கலங்கியது. பிறகு அவளை மேனேஜர் அம்மாவிடம் அழைத்துக்கொண்டு போனேன். அந்த அம்மாள் பொறுமையாக எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, சாப்ட்வேரெல்லாம் மேலிடத்திலிருந்து வருவது, இங்கே முடிவெடுக்க எதுவும் இல்லை என்று தன்மையாகவே சொன்னார். பஸ் ஏற்றிவிடப் போனேன். போகும்போது, அவர் நல்லவரா சார் என்று கேட்டாள்.  உங்களை மாதிரி ஒரு பெண் எங்கேயோ போன் போட்டுப் பயந்துகொண்டிருக்கிறாள் என்று அவருக்குத் தெரியும், அவளுக்காக யாராவது எடுக்க வேண்டும் என்று நினைத்து உங்கள் போனை எடுத்திருப்பார், எடுத்தவருக்கு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை என்றேன். நல்லது நினைத்தே ஒரு பெண்ணின் பிழைப்பில் மண் விழ வைத்துவிட்டார், அதையும் சொன்னேன். போன வாரம் என் செல்லுக்குக் கூப்பிட்டாள். அந்த வேலை போய்விட்டது, தன் வீட்டுக்கே திரும்பிவிட்டாள், அவள் அம்மாவின் குரல் பின்னால் கேட்டது. நன்றாகத் தூங்குகிறேன் சார் என்றாள்.

இப்போது உன்னிடம் வருகிறேன். மாமா போனதை உனக்குச் சொன்ன அன்று நீ ஒன்றும் கேட்கவில்லை, மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டாய். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மனசு கல் என்று அம்மாவிடம் நான் குறைப்பட்டுக்கொண்டேன். உனக்கு அங்கே இருந்த ஒரே காதும் போய்விட்டது என்று எனக்கு எப்படித் தெரியும். நீ என்னிடம் சொல்லாததற்கு உன்மேல் வருத்தம் இல்லை. நான்தான் உன் வேலையை ஊரெல்லாம் கொடி கட்டிப் பறக்கவிட்டேன், அதை எப்படி இறக்குவது என்று நீ யோசித்திருப்பாய். கொடி என்னம்மா கொடி, கழற்றி மடித்து வைத்தால் ஆயிற்று. நாளைக்கே விட்டுவிட்டு வந்து நின்றாலும் யாருக்கும் நான் விளக்கம் சொல்லப்போவதில்லை. வரச் சொல்லி எழுதவில்லை, அங்கேயே இருந்து பார்க்கிறேன் என்றாலும் சரி. ஆனால் பாத்ரூம் கதவுக்குப் பின்னால் தனியாக நிற்காதே.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் பெண் வந்துபோன பிறகு போன் நின்றுவிடும் என்று எல்லோரும் நினைத்தோம். நிற்கவில்லை. அவளையே கேட்டேன், தவறிவிட்டார் என்று தெரிந்த நாளிலிருந்து நான் கூப்பிடவே இல்லை சார் என்று சத்தியம் செய்கிறாள். காலையில் அடிக்கிறது, நான் ஓடிப்போய் எடுத்தால் பேச்சு இல்லை, யாரோ மூச்சுவிடுவது மட்டும் கேட்கிறது, ஹலோ என்றால் வைத்துவிடுகிறார்கள். டைப்பிஸ்ட் மறுபடியும் நாற்காலியைத் திருப்பிவிட்டாள். எனக்கு இப்போது அந்தப் பயம் இல்லை, வேறு பயம். மேனேஜர் அம்மாவிடம் கேட்டு என் இடத்தை அந்த மேசைக்கே மாற்றிக்கொண்டுவிட்டேன்.

அம்மா உனக்கு ஆசி சொல்லச் சொன்னாள், தம்பியும் விசாரித்தான். தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு பஸ் ஏறாதே, வெறும் வயிற்றில் டீ குடிக்காதே. நோய்நொடி அண்டாமல், நினைத்தது கைகூடி நீ நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன். இந்த விஷயம் எதையும் அம்மாவிடம் சொல்லவில்லை, நீயும் சொல்ல வேண்டாம், நேரம் வரும்போது சேர்ந்து சொல்லிக்கொள்வோம். காலையில் கூப்பிடுவது நீதான் என்றால், நான் எடுத்ததும் வைத்துவிடாதே பாப்பா. பேச வேண்டும் என்றுகூட இல்லை, சும்மா பிடித்துக்கொண்டிரு, நானும் பேசாமல் இருக்கிறேன்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அப்பா