மாலை போட்ட நாற்காலி

என்னங்க,

இப்படிக் கூப்பிட்டால்தான் நீங்கள் திரும்பிப் பார்ப்பீர்கள். கல்யாணமான நாளிலிருந்து உங்கள் பெயரைச் சொல்லி நான் கூப்பிட்டதில்லை. இப்போது அந்தப் பெயரை நினைவு மலரின் அட்டையில் தங்க எழுத்தில் போடப் போகிறார்களாம். உள்ளே எனக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். "தலைவரப் பத்தி நாலு வரி எழுதிக் குடுங்க அம்மிணி" என்று கேட்டுவிட்டுப் போனார் நம் டிரஸ்டுப் பழனிசாமி அண்ணன்.

நாலு வரியில் அடங்குகிற ஆளா நீங்கள்? அதனால் கடிதமாகவே எழுதிவிடுகிறேன். உங்களிடம் சொல்கிற சாக்கில் டிரஸ்டுக்காரர்களிடம் சொல்ல வேண்டியதும் நிறைய இருக்கிறது. அவர்களும் படிக்கட்டும்.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நிட்டிங் மெஷின்களை உங்கள் தம்பி மகன்தான் பார்த்துக்கொள்கிறான். ஆர்டர் சுமார்தான், ஆனால் சத்தம் நிற்கவில்லை. மூலனூரிலிருந்து உங்கள் தங்கை வாரம் தவறாமல் முருங்கைக்காய் கொடுத்தனுப்புகிறாள். ஒருத்திக்கு எவ்வளவு சாம்பார்தான் வைப்பது? அக்கம்பக்கத்தில் கொடுத்துத் தீர்க்கிறேன்.

நல்ல செய்தி அவ்வளவுதான். பனியன் கம்பெனிப் பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நீங்கள் டிரஸ்டு வைத்து ஆரம்பித்த இல்லத்தை மூடப் போகிறார்கள்.

மூடுகிறோம் என்று யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. சொன்னால்கூட எதிர்த்துப் பேசலாம். நம் ஆட்கள்தான் எதையும் சொல்ல மாட்டார்களே. "பாத்துக்கலாமுங்க", "ஆகட்டுமுங்க" என்று சொல்லிச் சொல்லியே ரயில்வே லைனுக்குப் பின்னால் இல்லம் நடக்கிற குடோனை விட்டு வெளியேறும் நிலைக்கு வந்துவிட்டோம். இடத்துக்காரருடைய மகன்கள் பாகம் பிரித்துக்கொண்டார்கள். இந்த மாசக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு ராத்திரி எட்டரைக்கு வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிற பெண்கள் அடுத்த மாதம் எங்கே போவார்கள்? எனக்குத் தெரியவில்லைங்க.

எப்படி இவ்வளவு தூரம் வந்தது என்று கேட்பீர்கள். உங்களை அடக்கம் செய்து காரியமெல்லாம் முடிந்த பிறகு, முதல் கூட்டம் வழக்கம்போல நம் வீட்டு ஹாலில்தான் நடந்தது. பழனிசாமி அண்ணன் வெள்ளகோவிலிலிருந்து வரும்போதே பெரிய சம்பங்கி மாலை வாங்கி வந்திருந்தார். உங்கள் படத்தை நீங்கள் உட்காரும் நாற்காலியில் சாய்த்து வைத்து மாலையைப் போட்டார். நந்தகோபால் தம்பி எழுந்து நின்று கும்பிட்டார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. அன்றைக்கு அது நன்றாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு அந்தப் படம் நாற்காலியை விட்டு இறங்கவே இல்லை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் புது மாலை வரும். புதுத் தலைவர் பேச்சை எடுத்தால் மட்டும் எல்லோரும் காபி டம்ளருக்குள் பார்ப்பார்கள். "வருசம் திரும்பட்டுமுங்க. அதுக்குள்ள இன்னொருத்தர அந்த எடத்துல உக்கார வெச்சா ஊரு என்னுங்க பேசும்?" என்பார் பழனிசாமி அண்ணன். அவர் அப்படிச் சொன்ன பிறகு மறுத்துப் பேசினால் மரியாதை இல்லை என்று பேச்சு அதோடு முடிந்துவிடும்.

இங்கே உங்கள் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. செத்தவரோடு சண்டை போடக் கூடாது என்பார்கள். நான் போடுவேன். எந்த ஒப்பந்தத்துக்கும் தலைவர் கையெழுத்துத்தான் வேண்டும் என்று டிரஸ்ட் பத்திரத்தில் எழுத வைத்தது யார்? துணைத் தலைவர் என்று ஒரு பதவிகூட வைக்கவில்லையே. "எதுக்குங்க, நாந்தான் இருக்கறேனுங்கல்ல" என்று சிரித்தீர்கள். இப்போது எங்கே இருக்கிறீர்கள்?

இல்லத்துக்கு இடம் கிடைக்காமல் இல்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய நிட்டிங் ஷெட். காற்றோட்டம், பின்னால் வேப்பமரம், தண்ணீர் வசதி எல்லாம் இருந்தது. ஷெட்டுக்காரர் உங்கள் மேல் மரியாதை உள்ள மனுஷன், பிள்ளைகளுக்கு என்றதும் ஒத்துக்கொண்டார். கையெழுத்துப் போட ஆள் வேண்டும், அவ்வளவுதான். நான் பழனிசாமி அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"எடம் நல்ல எடந்தானுங்க அம்மிணி. நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா புது எடம்னா பால் காய்ச்சணுமுங்கல்ல? துக்க வருசத்துல பால் காய்ச்சறதுங்களா?"

"அண்ணா, அது டிரஸ்டு. அவரு ஊடு இல்லீங்களே."

"என்னுங்க அப்படிச் சொல்லிப்போட்டீங்க. டிரஸ்டு அவரு ஊடு மாதிரிங்க. உங்களுக்கு ஒண்ணுன்னா எங்களுக்கு இல்லீங்களா?"

அவர் சொன்னதில் வஞ்சகம் ஒன்றும் இல்லை. உங்கள் பாடையைத் தோளிலிருந்து கடைசி வரை இறக்காதவர் அவர். வீட்டுக்கு வைக்கிற பாசத்தை டிரஸ்டுக்கும் வைத்தார். வீட்டில் ஒரு வருஷம் கல்யாணம் காட்சி இல்லாமல் இருக்கலாம், யாருக்கும் நஷ்டமில்லை. பிள்ளைகள் ஒரு வருஷம் வளராமல் காத்திருக்குமா? ஷெட்டுக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பிரிண்டிங் போடுகிறவர்களுக்குக் கொடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது.

நம் இல்லத்தை நடத்துகிற ஜெயசீலியை நினைத்துப் பார்க்கிறேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தையல் வேலைக்கு வந்தவளை நீங்கள்தான் இங்கே கூட்டி வந்தீர்கள். ஷெட் கைவிட்டுப் போன அன்று நேராக என்னிடம் வந்தாள். "யக்கா, நா என்ன செய்யட்டும்? தாய்மார்ட்ட வேற எடம் பாத்துக்கிடுங்கன்னு சொல்லவா, சொல்லாண்டாமா? போர்டுல கேட்டா ஆளாளுக்குப் பாக்கலாம்ங்காவ" என்றாள். கடைசியில் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. திடுதிப்பென்று பூட்டுவதைவிட முன்னாடியே சொல்வது நல்லதில்லையா?

சொன்னதும் சில பேர் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். அதில் ஒருத்தி சுமித்ரா, ஒடிசாக்காரி, பனியன் கம்பெனியில் துணி செக்கிங் பார்க்கிறவள். அவள் மகள் ரிங்குவுக்கு மூன்று வயசு. அந்தக் குழந்தையை ஜெயசீலி தேடிப் போனபோது லைன் வீட்டில் வெளிப்பக்கம் பூட்டு தொங்கியது. குழந்தை உள்ளே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. பக்கத்து வீட்டு அம்மா கம்பி வழியாக ஒரு பன்னைப் பிட்டுப் பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாராம்.

மறுநாள் நானும் போய்ப் பார்த்தேன். சுமித்ரா என்னைக் கண்டதும் பயந்துபோய் "லீவு கேட்டா வேலே போகும் அம்மா" என்றாள். நான் அவளைத் திட்டப் போகவில்லை. எந்த முகத்தோடு திட்டுவது? உங்கள் படத்துக்கு மாலை போட்டுக்கொண்டு சாவியை அவள் கையில் கொடுத்தவர்கள் நாங்கள்தானே. அன்றைக்கு வீட்டுக்கு வந்து உங்கள் படத்தின் முன்னால் உட்கார்ந்து சத்தமாக அழுதேன். உங்களுக்காக அழுதேனா அந்தக் குழந்தைக்காகவா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அப்போதுதான் நம் டிரஸ்டி டாக்டர் மரகதம் நினைவுக்கு வந்தார். மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு கூட்டத்தில், "சார், நாளைக்கே உங்களுக்கு ஒண்ணுன்னா இந்த இல்லத்தை யார் நடத்துவாங்க? அதுக்கு ஒரு ஏற்பாடு பண்ணுங்க. நீங்க சொல்றதுக்கெல்லாம் நாங்க தலையாட்டறதுக்கு எதுக்குங்க போர்டு?" என்று கேட்டார். நீங்கள் சிரித்துக்கொண்டே "டாக்டருக்குக் காபி ஆறிப் போச்சு, வேற கொண்டா" என்று என்னை உள்ளே அனுப்பினீர்கள். அதற்குப் பிறகு கூட்டத் தேதி அவருக்கு மட்டும் போகவில்லை. நீக்கவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. சண்டை போடாமல் ஒருத்தரை எப்படி வெளியே நிறுத்துவது என்று நம்மிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

இல்லாதது ஒன்றும் சொல்லவில்லையேங்க அந்தம்மா? உங்களுக்கு ஏன் அப்படிச் சுருக்கென்று பட்டது?

அவருடைய கிளினிக்கில் போய் உட்கார்ந்தேன். தும்மலும் இருமலுமாக இருந்த பிள்ளைகளை எல்லாம் பார்த்து முடித்துவிட்டு வந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். "என்னைக் கூப்பிட இவ்வளவு நாளாச்சுங்களா?" என்று ஒரு வார்த்தைதான் கேட்டார். பிறகு, "தலைவரா நிக்கறேன். ஆனா எல்லாரும் கையைத் தூக்கி ஓட்டுப் போடணுமுங்க. எனக்கு எதிராத் தூக்கினாலும் பரவால்லை" என்றார். பெயருக்குத்தான் என்றாலும் என்னையும் நீங்கள் ஒரு டிரஸ்டியாகப் போட்டிருக்கிறீர்கள் அல்லவா, அந்த உரிமையில் போன வாரம் நானே கூட்டத்தைக் கூட்டினேன்.

டாக்டரைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்து "வாங்க வாங்க" என்றார்கள். குறை வைக்கவில்லை. நான் அவர் பெயரைச் சொன்னேன். ஓட்டு என்றதும்தான் முகங்கள் மாறின.

"நம்ம போர்டுல இதுவரைக்கும் கை தூக்கினதே இல்லீங்களே அக்கா. எல்லாம் கன்சென்சஸ்ல, ஒருமனதாத்தானே போயிட்டிருக்கு" என்றார் நந்தகோபால் தம்பி. அவருடைய எக்ஸ்போர்ட் கம்பெனிப் பெண்களின் பிள்ளைகள்தான் இல்லத்தில் பாதிப் பேர்.

"டாக்டரம்மா தங்கமானவங்க. யாரும் வேண்டாமுங்கல" என்றார் பழனிசாமி அண்ணன். "ஆனா இது அவரு உண்டாக்குனதுங்க. வருசம் திரும்புனதும் அம்மிணியே பேருக்கு உக்காரட்டும். அதுதான் மொறைங்க. மத்தத நாங்க பாத்துக்கறோம்."

"வருசம் திரும்பறதுக்குள்ள இல்லத்தைப் பூட்டீருவாங்களேண்ணா."

"பாத்துக்கலாமுங்க."

யாரும் கை தூக்கவில்லை. யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. முறுக்கு நன்றாக இருக்கிறது என்றார்கள். வாசல் வரைக்கும் போய்க் கும்பிட்டு வழியனுப்பிவிட்டு உள்ளே வந்தேன். டாக்டர் மட்டும் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார். சண்டை போட்டுத் தோற்றால்கூட மனசு ஆறும். இதில் யாரோடு சண்டை போடுவது?

பழனிசாமி அண்ணா, அச்சுக்குப் போகும் முன்னால் இதை நீங்கள்தான் முதலில் படிப்பீர்கள், அதனால் உங்களிடமும் ஒரு வார்த்தை. நான் பேருக்கு உட்கார மாட்டேனுங்க. பேருக்கு உட்கார ஒரு ஆள், மற்றதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் என்று வைத்தால் மறுபடியும் ஒரு மனுஷனோடு எல்லாம் போய்விடும். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று என் முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். அவருக்கு மரியாதை என்று நீங்கள் நினைக்கிறது அவர் கட்டினதைக் கொண்டுபோய் அவரோடு புதைக்கிறதுங்கண்ணா. மலரின் அட்டைக்கு எந்தப் படம் என்று மூன்று தடவை கூடிப் பேசினோம். அந்த மலர் வெளிவருகிற அன்று இல்லம் இருக்காது. அப்புறம் அந்தப் புத்தகத்தை யார் கையில் கொடுப்பீர்கள்?

என்னங்க, இனி உங்களிடம். மாலையைக் கழற்றி உங்கள் படத்தைச் சுவரில் மாட்டிவிட்டேன். நன்றாகத்தான் இருக்கிறீர்கள், அங்கிருந்து ஹால் முழுக்கத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை, மாசக் கடைசி நாளன்று, மறுபடி கூட்டம். அந்த நாற்காலி காலியாக இருக்கும், டாக்டர் உட்காருவதற்காக. ஒவ்வொருத்தராகக் கேட்பேன். கை தூக்காதவர்கள் காரணம் சொல்ல வேண்டும், அதையும் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்வேன். கூட்டம் முடிகிற வரைக்கும் காபியும் கிடையாது, முறுக்கும் கிடையாது. புதுத் தலைவர் வந்தால் அடுத்த இடம் தேடலாம். வராவிட்டால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது.

ஆனால் திங்கட்கிழமையை நான் அவர்கள் கையில் விடவில்லை. நம் வீட்டு ஹாலையும் உங்கள் ஆபீஸ் ரூமையும் ஒழித்து வைத்திருக்கிறேன். புது இடம் கிடைக்கிற வரைக்கும் பிள்ளைகள் இங்கே இருக்கட்டும் என்று ஜெயசீலியிடம் சொல்லிவிட்டேன். ரிங்குவைத்தான் முதலில் கூட்டி வரச் சொன்னேன். நம் வீடு பாதிப் பேரைத்தான் தாங்கும். மீதிப் பிள்ளைகளுக்கு நான் என்ன சொல்வேன்? யாரை உள்ளே விட்டு யாரைத் திருப்பி அனுப்புவேன்? நீங்கள் இருந்தால் யாரையாவது போனில் பிடித்து ஒரு வழி பண்ணியிருப்பீர்கள். அதுதானே நமக்கு வந்த கேடும்.

துக்க வீட்டில் பால் காய்ச்சக் கூடாது என்றுதானே அந்த ஷெட்டை விட்டார்கள். பிள்ளைகள் திங்கட்கிழமை விடியும்போதே தூக்கக் கலக்கத்தோடும் பசியோடும் வந்துவிடும். கல்யாணத்துக்கு வாங்கின பெரிய குண்டாவைப் பரணிலிருந்து இறக்கித் தேய்த்து வைத்துவிட்டேன். புருஷன் போய் வருஷம் திரும்பாத இந்தக் கையாலேயே அதில் பால் காய்ச்சுவேன். ஊர் என்ன வேண்டுமானாலும் பேசட்டும். ஒரு பிள்ளைகூட வெறும் வயிற்றோடு நம் வாசலில் நிற்காது. இது உங்கள் மேல் சத்தியம்.

உங்கள் ஊட்டுக்காரி,
சரஸ்வதி