பின்கண்ணாடியில் ஒட்டிய மாமா

என் உசிருக்கு உசிரான மாமாவுக்கு,

முதலில் பிள்ளைகளின் சேதியைச் சொல்லிவிடுகிறேன். பிரான்சில் பெரியவன் மகள் பக் பரீட்சை பாஸ் பண்ணிவிட்டாள். நம் ஊர் பன்னிரண்டாவது மாதிரி அது. டாக்டருக்குப் படிக்கப் போகிறாளாம். இங்கே என்னோடு இருக்கிற சின்னவன் முருகனின் மகன் உப்பளம் ஸ்டேடியத்தில் ஓடி வெள்ளிப் பதக்கம் வாங்கினான். தங்கம் வாங்கிய பையனுக்குக் கால் ரொம்ப நீளம், அதனால் இதையும் தங்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள். முருகன் மகள் சங்கரி டிப்ளமா முடித்து வேலைக்குப் போகிறாள். முதல் தடவையிலேயே கார் லைசென்ஸும் எடுத்துவிட்டாள்.

அந்தச் சங்கரிதான் உங்கள் காரில் கை வைத்தாள். அதிலிருந்து எனக்கு நெஞ்சு அடங்கவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் கண்ணை மூடியதிலிருந்து மூன்று வருஷமும் கார் வாசலில்தான் நின்றது. ஆவணி முடிந்ததும் காயலான் கடைக்குப் போட்டுவிடுவது என்று முருகன் முடிவு பண்ணிவிட்டான். சங்கரி விடவில்லை. "அப்பா, என் சிநேகிதிக்கு ஆவணியில கல்யாணம். அவளுக்குப் பொண்ணழைப்பு வண்டியா இதை ஓட்டிக் காட்டறேன். அதுக்கப்பறமும் போடணும்னா போட்டுடுங்க" என்றாள். "இந்த டப்பாவுலயா? எவ ஏறுவா?" என்று முருகன் சிரித்தான்.

நான் கடலூரில் தங்கச்சி வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டுத் திரும்பினேன். ரெட்டியார்பாளையத்தில் நம் வாசலில் ஆட்டோ நின்றதும், "இது இல்லப்பா, வேற வீடு" என்று சொல்லிவிட்டேன். வாசலில் யார் காரோ நின்றது. கூரை கருப்பு, முன்னால் பானட் கருப்பு, நடுவில் மட்டும் வெள்ளை. உங்கள் காரை வித்தே விட்டார்களா என்று நினைத்தேன். நம்பர் பலகையைப் படித்த பிறகுதான் இறங்கினேன்.

"பெயிண்ட் அடிச்சா ரொம்ப ஆவும் ஆயா. இது வெறும் ஸ்டிக்கர் தாள். புடிக்கலேன்னா உரிச்சிடலாம்" என்றாள் சங்கரி. மஞ்சள் காமாலை வந்த கண் மாதிரி இருந்ததே உங்கள் முன்விளக்கு, அதைப் பல்பசை போட்டுத் தேய்த்தே தெளிய வைத்திருந்தாள். யாரோ கழற்றிப் போட்ட சக்கர மூடிகளை வாங்கி மொட்டைமாடியில் பேப்பர் விரித்து வெள்ளி நிறம் அடித்திருந்தாள். சீட்டுக்கு அவளே ரெக்சின் வெட்டித் தைத்த உறை. கடைக்குப் போயிருந்தால் ஆகும் செலவில் கால்வாசி கூட இல்லையாம். பெருமையாகத்தான் இருந்தது மாமா. ஆனால் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறேன், உங்கள் கைபட்ட எதுவும் கண்ணில் படவில்லை.

"எல்லாம் சரி. உங்க தாத்தா எங்கடி?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் முகம் சின்னதாகிவிட்டது. "பின்கண்ணாடி காலியாத்தான் இருக்கு ஆயா. தாத்தா படத்த ஒட்டிடறேன்" என்றாள். ஆட்டோவிலும் லாரியிலும் அப்பா படம், தாத்தா படம் ஒட்டுவது நம் ஊரில் வழக்கம்தானே. உங்கள் நினைவு நாளுக்கு அடித்த போஸ்டரை எடுத்துக் கொடுத்தேன். ஸ்டிக்கர் கடையிலிருந்து போன் பண்ணி, "அப்படியே போட்டுடலாமா, ஏதாவது மாத்தணுமான்னு கேக்கறாங்க" என்றாள். "ஒரு புள்ளி மாறக்கூடாது" என்றேன். அந்தப் போஸ்டரில் உங்கள் முகத்தைத் தவிர வேறு என்ன இருக்கிறது என்று நான் பார்த்ததே இல்லை.

பெண்ணழைப்பு அன்று சாயங்காலம் பெரிய மார்க்கெட்டில் பூ வாங்கிக்கொண்டு உப்பளத்தில் பெண் வீட்டுக்குப் போனோம். முருகனும் வந்தான். பூவைக் கொடுத்துவிட்டு நான் எதிர்ச் சுவரோரம் போய் நின்றுகொண்டேன். என்னைப் போன்றவர்கள் பெண் ஏறும் நேரத்தில் எதிரே நிற்கலாமா?

சங்கரி முன்னால் பூச்சரம் கட்டிக்கொண்டிருந்தாள். பெண்ணின் அத்தையம்மாள் ஒருவர் காருக்குப் பின்னால் வந்து அப்படியே நின்றுவிட்டார்.

"ஏம்மா, இது கல்யாண வண்டியா, கருமாதி வண்டியா? பின்னாடி ஒரு பெரியவரு மாலை போட்டுக்கினு உக்காந்துகினு இருக்காரு. கீழ மறைவுன்னு தேதி வேற."

"எங்க தாத்தாங்க. இது அவரோட வண்டி."

"நல்ல மனுஷனாத்தான் இருப்பாரு. ஆனா எங்க பொண்ணு உக்காந்தா அவ முதுகுக்குப் பின்னால மறைவுன்னு இல்ல வரும்? வேற வண்டி சொல்லுங்க."

"அத்தை, நான் இதுலயே ஏறிக்கிறேன்" என்று உள்ளேயிருந்து பெண் குரல் கொடுத்தாள். "நீ வாய மூடு. மொதல்ல மருதாணி காயட்டும்" என்றார் அத்தை.

என்னைத்தான் ஒதுங்கி நிற்கச் சொல்வார்கள், உங்களையுமா? அதுவும் என் வாயால் வந்த வினை. முருகன் வேறு காருக்குப் போன் போட ஆரம்பித்தான். அந்தப் போனோடு உங்கள் கார் காயலான் கடைக்குப் போய்விடும் என்று தெரிந்தது. உரித்துவிடு என்று நான் சங்கரியிடம் சொன்னதற்கு, "தாத்தா மூஞ்சிய நான் கிழிக்க மாட்டேன்" என்று அழுகிறாள்.

நான் தெருவைத் தாண்டிப் போனேன். "ஒரு சொம்பு சுடுதண்ணி குடும்மா" என்றேன். அந்த அம்மாள் என் வெறும் நெற்றியைப் பார்த்தார். உள்ளே போய்க் கொண்டுவந்து கொடுத்தார்.

தண்ணீரை ஊற்றி நகத்தால் சுரண்டினேன். தேதி வந்துவிட்டது. மாலையை மட்டும் உரித்துவிட்டு உங்களை விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன். ஒரே தாள், மாமா. மாலையை இழுத்தால் நீங்களும் சேர்ந்து வந்துவிட்டீர்கள். நெற்றி கடைசியாக வந்தது. நாற்பத்தாறு வருஷம் உங்களோடு வாழ்ந்த கையா இதைச் செய்தது?

ஈரத் தாளைச் சுருட்டிக்கொண்டு நின்ற என்னிடம் அந்த அம்மாள் வந்து, "மனசுல வச்சிக்காதீங்கம்மா. மாலை போடாத படம் ஒன்னு ஒட்டியிருந்தா நான் இன்னாத்துக்கு வேணாம்னு சொல்லப் போறேன்?" என்றார். அதுதான் எல்லாவற்றையும் விட என்னைத் தூக்கிவாரிப் போட்டது. யோசித்துப் பார்க்கிறேன், நம் வீட்டில் மாலை இல்லாத உங்கள் படம் ஒன்று கூட இல்லை. எங்கே போனாலும் நாங்கள் இறங்கி நின்று படம் எடுத்துக்கொள்வோம். நீங்கள் காரை நிறுத்த இடம் தேடிப் போயிருப்பீர்கள்.

பெண் ஏறிக்கொண்டாள். சங்கரி ஓட்ட, கார் குலுங்காமல் கோவில் பக்கம் திரும்பியது. முருகன் அது மறையும் வரை பார்த்தான். "டப்பா நல்லாத்தான் போவுது. காயலான் கடைக்காரன வர வேணாம்னு சொல்லிடறேன்" என்றான். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

சுருட்டிய தாள் இன்னும் என் தலைமாட்டில் இருக்கிறது. பீரோவில் வைக்க மனசில்லை, எறியவும் கை வரவில்லை. அதை என்ன செய்ய மாமா?

இதைச் சங்கரி டைப் அடித்துச் சொந்தக்காரர் எல்லாருக்கும் அனுப்புவாள், பெரியவனும் படிப்பான். ஏப்பா பெரியவனே, அப்பா உயிரோடிருக்கையில் நீ கடைசியாக வந்தபோது அவர் லுங்கியோடு கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சிரித்தாரே, அதை நீ படம் எடுத்தாய். போனில் அனுப்பாதே, பெரிதாகக் கழுவித் தபாலில் போடு.

மாமா, அந்தப் படத்துக்கு நான் மாலை போட மாட்டேன், பொட்டும் வைக்க மாட்டேன். வந்த அன்றைக்கே கண்ணாடியில் ஒட்டச் சொல்லி, அடுத்த கல்யாணத்துக்கு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து போவேன். இது சத்தியம். படம் சீக்கிரம் வரட்டும்.

உங்கள் அக்கா மகளும் பெண்டாட்டியுமான
தனலட்சுமி