இருபது நிமிடத்தில் ஓர் உண்மை

ஜூன் 3

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

மருந்துக் கடைக் கவுண்டரில் நிற்பவளை இப்படிக் கூப்பிட்டால் உனக்குப் பிடிக்காது, தெரியும். பதினாறு வருஷப் பழக்கம், வாயில் வந்துவிடுகிறது.

இத்துடன் புதிய கதை. எட்டே பக்கம். இந்த முறை தூக்க மாத்திரையைப் பாலில் கலந்திருக்கிறேன். சரிதானா என்று நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும். நீ தனியாகப் போன இரண்டு வருஷத்தில் இது பதினோராவது கொலை. போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய், கொலை செய்தால் மட்டும் பதில் வருகிறது. நான் என்னதான் செய்வது, சொல்!

வாரம் முழுக்க லிஃப்ட் ரிப்பேர் வேலை. வீட்டுக்கு வந்தால் பேச ஆளில்லை. ரேடியோவை ஓடவிட்டுச் சாப்பிடுகிறேன். ஒரு யோசனை: இந்த இன்ஸ்பெக்டரையே அடுத்த கதையிலும் கொண்டுவந்து தொடராக்கிவிடட்டுமா?

உன் பதிலுக்காக வாசலைப் பார்த்திருக்கும்,
லிஃப்ட்காரன்

ஜூன் 14

உங்களுக்கு,

நலம். இருபது மாத்திரையைப் பொடித்துப் பாலில் போட்டால் கசப்பில் முதல் மடக்கையே துப்பிவிடுவான். ஒருத்தனும் சாக மாட்டான். மாற்றுங்கள்.

தொடரெல்லாம் வேண்டாம். எனக்குச் சாப்பாட்டு இடைவேளை இருபது நிமிடம். அலமாரிக்குப் பின்னால் ஸ்டூலைப் போட்டு, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் படிப்பேன். முன்கதை தெரிய வேண்டாம். யாரோ நாலு பேர், ஒரு பிணம், அவர்களில் ஒருவன் பொய் சொல்கிறான். நான் கை கழுவ எழுந்திருப்பதற்குள் அவன் உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அதற்காகத்தான் படிக்கிறேன். உங்களோடு ஒரே வீட்டில் அத்தனை வருஷம் இருந்தும் எனக்குக் கிடைக்காதது அது.

இன்னொன்று. பதினொரு கதையிலும் உங்கள் குற்றவாளி ஒரே சாக்குத்தான் சொல்கிறான்: "அன்னைக்கு எனக்கு வேலை இருந்துச்சு சார்." கவனித்தீர்களா?

மூன்று வருஷத்துக்கு முன் எனக்கு ஆபரேஷன் நடந்த அன்று, லிஃப்டில் ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள், அதனால் வர முடியவில்லை என்றீர்கள். நிஜமாக எங்கே இருந்தீர்கள்? கதையாக வேண்டாம், நேராக எழுதுங்கள். நான் அங்கே திரும்பி வருவதா இல்லையா என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்யப்போகிறேன்.

நான்தான்

ஜூன் 20

அன்புள்ள உனக்கு,

நாலு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இது ஐந்தாவது.

எந்த லிஃப்டும் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு எதிரே பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தேன். காலை எட்டிலிருந்து சாயங்காலம் வரை. உள்ளே வரக் கால் வரவில்லை. நீ பிழைக்க மாட்டாய் என்று என் பாழாய்ப்போன மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. அதைக் கண்ணால் பார்க்கப் பயந்தேன். வார்டுக்குப் போன் போட்டு, நீ கண் விழித்ததைக் கேட்டுக்கொண்டேன். அப்புறம் எந்த முகத்தோடு உள்ளே வருவது? வேலை என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அந்தப் பொய்யைக் காப்பாற்றுவதே பிழைப்பாகிவிட்டது.

நான் கோழை. மன்னித்துவிடு. வந்துவிடேன்மா. தனியாக இருக்க முடியவில்லை.

உன் வீட்டுக்காரன்

ஜூலை 2

உங்களுக்கு,

பஸ் ஸ்டாப் விஷயம் எனக்கு அன்றைக்கே தெரியும். முந்தின நாள் நீங்கள் என்னைச் சேர்க்க வந்தபோது பார்த்த நர்ஸ், "உங்க வீட்டுக்காரர் எதிர்ல உக்காந்திருக்காரும்மா, கூப்பிடட்டுமா?" என்று கேட்டாள். "வேண்டாம், அவரே வருவார்" என்றேன். அப்புறம் நீங்களே வாயைத் திறந்து சொல்லட்டும் என்று வீம்பாக இருந்துவிட்டேன். அன்றைக்கே கூப்பிடச் சொல்லியிருக்கலாம். அது என் தப்பு.

உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன். இத்தனை வருஷக் கோபமும் ஒரு சாயங்காலத்தில் வடிந்துவிட்டது. கோபம் போனால் ஓடி வந்துவிடுவேன் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். துணியெல்லாம் பெட்டியில் அடுக்கினேன். அடுக்கி முடித்து உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, உங்களை நினைத்துக்கொண்டிருக்க எனக்கிருந்தது அந்தக் கோபம் ஒன்றுதான். அது போனதும் மனசில் ஒன்றுமே இல்லை. உங்களைப் பார்க்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. இதை எழுதுவதற்கு எனக்கே பயமாக இருக்கிறது.

எழுதுவதை விட்டுவிடாதீர்கள், நன்றாக எழுதுகிறீர்கள். ஆனால் எனக்கு இனி அனுப்ப வேண்டாம். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

துணிகளைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
மருந்துக் கடைக்காரி