அழுத்திப் பிடித்த வெர்னியர்

மச்சான்,

இன்று காலை அளவுக் கருவிகளைச் சரிபார்க்கிற ஆள் கம்பெனிக்கு வந்திருந்தார். வருடத்துக்கு ஒருமுறை வருவாரே, அவர்தான். வெர்னியர், மைக்ரோமீட்டர் எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பி, ஒவ்வொன்றும் ஒழுங்காக அளக்கிறதா என்று பார்த்து ஸ்டிக்கர் ஒட்டினார். என் டிராயரின் அடியில் கிடந்த உன்னுடைய வெர்னியரும் மற்றவற்றோடு சேர்ந்து மேசைக்கு வந்துவிட்டது. பெட்டியைத் திறந்ததும் அவர் மூக்கைச் சுளித்தார். "இன்னா சார் இது, நாட்டு மருந்துக் கடை வாசன அடிக்குது?"

நானும் வாங்கி முகர்ந்தேன். நூம்பலில் இருக்கிற நாட்டு வைத்தியர் கொடுத்த தைலம். உன் கழுத்திலிருந்து ஒட்டிக்கொண்டது, இரண்டு வருடமாகியும் போகவில்லை. அதற்கப்புறம் எனக்கு வேலை ஓடவில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆறு வருடம் நம் பிழைப்பு ஒன்றாகவே நடந்தது. நீ லேத்தில் கடைந்து அனுப்புவாய், நான் அளந்து பார்த்துப் பாஸ் போடுவேன். ஒரு நூல் கூடினாலும் திருப்பி அனுப்பிவிடுவேன் என்று உனக்கு என்மேல் கடுப்பு. "மாமே, நீ பெத்த புள்ளையக்கூட அளந்து பாத்துட்டுத்தான் ஊட்டுக்குள்ள வுடுவ" என்பாய். அந்தப் பெயர்தான் கடைசியில் உன்னைக் கெடுத்தது.

கழுத்தில் கட்டி வந்தபோது உனக்கு இருபத்தாறு வயது. சதைச் சோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். "புற்றுநோய்தான் தம்பி. ஆனா இது சரியாகுற வகை. காத்திருக்க மட்டும் கூடாது. அடுத்த வாரமே கீமோ ஆரம்பிச்சிடலாம்." நல்ல பிள்ளையாகத் தலையாட்டினாய். வெளியே வந்து பைக்கில் ஏறும்போது, "நான் வர மாட்டேன்டா" என்றாய்.

ஏன் என்று நான் கேட்கத் தேவையில்லை. ஆவடி குவார்ட்டர்ஸில் உன் அப்பா ஆறு மாதம் படுக்கையில் கிடந்ததை நானும் பார்த்தேன். ஒவ்வொரு கீமோவுக்கும் பிறகு அவர் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தியெடுக்க, பக்கத்தில் பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நீ. "அவர கட்டி கொல்லல மச்சான். மருந்துதான் கொன்னுச்சு." அவருக்கு வந்தது வேறு, உனக்கு வந்தது வேறு என்று எவ்வளவோ சொன்னேன். பயந்தவன் காதில் எது ஏறும்?

ஆஸ்பத்திரிக்குப் பதிலாக நூம்பல் வைத்தியரிடம் போனாய். அவர் கஷாயம் கொடுத்தார், கழுத்துக்குத் தைலம் கொடுத்தார், உப்பை நிறுத்தச் சொன்னார். கட்டியைத் தொடவே கூடாதாம், மூன்று மாதத்தில் கரைந்துவிடுமாம். கரையவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்கு வந்தே ஆக வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். நீ யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னாய்.

"கரையுதா இல்லியான்னு வைத்தியர் சொல்ல வேணாம், எங்கம்மாவும் சொல்ல வேணாம். வாராவாரம் நீ அள. நீ சொன்னா நான் கேக்குறேன். வளந்துச்சுன்னு சொல்லு, அன்னிக்கே வரேன்."

அப்பா போனபின் குவார்ட்டர்ஸைக் காலி செய்து நீங்கள் குடிவந்த அண்ணனூர் வீடு. ஞாயிற்றுக்கிழமை காலை. ஷெட்டுக்குள் போகிற ரயிலின் சத்தம். உன் வெர்னியரை என்னிடம் கொடுத்துவிட்டு, முக்காலியில் உட்கார்ந்து கழுத்தைச் சாய்ப்பாய். அம்மா கஷாய டம்ளரோடு அடுக்களை வாசலில் நிற்பார். வைத்தியர் தொடாதே என்றதற்கு, "கை படாது, இரும்புதான் படும்" என்று நீயே சமாதானம் சொன்னாய். முதல் ஞாயிறு இருபத்திரண்டு புள்ளி நாலு மில்லிமீட்டர். இரண்டாவது ஞாயிறும் அதேதான்.

மூன்றாவது ஞாயிறு கூடியிருந்தது. சொல்வதற்கு வாயைத் திறந்துவிட்டு, உன் முகத்தைப் பார்த்தேன். அளக்கும்போது கடைந்தவன் முகத்தைப் பார்க்காதே என்று செக்‌ஷனில் எல்லோருக்கும் ஓதுகிறவன் நான். நீ கண்ணை மூடிக்கொண்டிருந்தாய். உதடு எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

"இரு, சரியா புடிக்கல" என்று மறுபடி வைத்து, அழுத்தினேன்.

இரும்பை அழுத்தினால் அளவு மாறாது. சதை அமுங்கும். ரப்பரை வெர்னியரில் வைத்து அழுத்தி அளந்தால் நானே திட்டுவேன். இருபத்தொன்று புள்ளி எட்டு காட்டியது, அதைப் படித்தேன். கண்ணுக்கு முன்னால் இருப்பதைத்தானே படித்தேன், இதில் பொய் எங்கே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மாங்காட்டு அம்மன் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டார். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. ஒரு வாரமாவது இவன் நிம்மதியாகத் தூங்கட்டும், அடுத்த ஞாயிறு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு உண்மை இன்னும் பெரிதாகியிருந்தது. அதைச் சொன்னால் போன வாரத்துப் பொய்யையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்னும் அழுத்தினேன். அதற்கும் அடுத்த வாரம் அழுத்தியும் போதவில்லை, வாய்க்கு வந்த அளவைச் சொன்னேன். ஒருநாள் கண்ணாடி முன்னால் நின்று, "மச்சான், வீங்கினா மாதிரி கீதே" என்றாய். "தைலம் பட்டு மேல்தோல் உப்பிக்கினு கீதுடா" என்றேன். நீ நம்பினாய். ஒரு நூல் கூடினாலும் திருப்பி அனுப்புகிறவன் சொன்னால் நம்பத்தானே செய்வாய்.

மூன்று மாதம் முடிந்தபோது என் கணக்கில் கட்டி பாதியாகியிருந்தது. நீ வேலைக்குத் திரும்பினாய், லேத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாய். பத்தே நாளில் இருமல் ஆரம்பித்தது. அப்புறம் மூச்சு வாங்கியது. அப்போதுதான் என் பேச்சைக் கேட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாய். ஸ்கேனைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா உன்னைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "இத்தன நாள் எங்க இருந்தீங்க?"

நீ பயந்த கீமோவும் ஏறியது, வாந்தியும் வந்தது. இந்த முறை பக்கெட்டைப் பிடித்தவன் நான். ஆனால் நோய் நெஞ்சு முழுக்கப் பரவியிருந்தது, உடம்பில் தாங்குவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. கடைசி வாரத்தில் ஒரு மத்தியானம், நான் கேட்காமலே சொன்னாய். "நீ கரெக்டாதான்டா அளந்த. உள்ள வேற எங்கியோ வளந்துகினு இருந்திருக்கு. நீ இன்னா பண்ணுவ?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். "தண்ணி குடிக்கிறியா?" என்று கேட்டேன்.

உன் திதிக்கு அம்மா எனக்குத்தான் முதல் இலை போடுகிறார். "எம் புள்ளைய கடைசி வரிக்கும் பாத்துக்கினது இந்தப் புள்ளதான்" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்கிறார். நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுகிறேன். வெட்கங்கெட்ட வயிறு, அதற்கும் பசிக்கிறது.

சரிபார்க்கிறவர் உன் வெர்னியரைத் துடைத்து, அளவுக் கட்டைகளை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல ஒரு தப்பும் இல்ல சார். ஜீரோ கரெக்டா உக்காருது. ஸ்டிக்கர் ஒட்டிடட்டா?" வேண்டாம் என்று வாங்கி டிராயரில் போட்டுக்கொண்டேன்.

உனக்குச் சொல்லாத அளவுகள் அத்தனையும் எனக்கு மனப்பாடம். பைக் ஓட்டும்போது வருகின்றன, சோற்றில் கை வைக்கும்போது வருகின்றன. மூன்றாவது ஞாயிறு இருபத்துமூன்று புள்ளி ஒன்று. நாலாவது ஞாயிறு இருபத்துநாலு புள்ளி ஆறு. ஆறாவது ஞாயிறு இருபத்தேழு. பன்னிரண்டாவது ஞாயிறு முப்பத்துநாலு. சொன்னால் அன்றைக்கே வருகிறேன் என்றாய்.

வளந்துச்சு மச்சான்.