பதின்மூன்று அங்குலம்

12 மார்ச் 2006, ஞாயிறு

இன்னும் விற்பனைக்கே வராத ஒரு லேப்டாப்பின் திரை அளவுக்காக இன்று என் வீட்டில் இரத்தம் சிந்தியது.

மாப்பிள்ளை பதினேழு அங்குலம் என்றார். கேமராவும் உள்ளேயே இருக்குமாம். பள்ளியில் கணினி கற்பிக்கும் என் மகள் கலா, "பதிமூணுதாங்க வரும், பேப்பர்ல போட்டிருக்காங்க" என்றாள்.

"உனுக்கு இன்னாடி தெரியும்?" என்று எவர்சில்வர் சொம்பை அவள் முகத்தில் வீசினார். புருவம் பிளந்தது.

பழுது பார்க்க உப்பளத்திலிருந்து வந்திருந்த உப்பு வாரும் பலகையை எடுத்து அவர் முழங்காலில் அடித்தேன். இரண்டாம் அடி தேவைப்படவில்லை, ஆனாலும் அடித்தேன். நொண்டிக்கொண்டே பஸ் ஏறினார்.

கலாவுக்கு நான்கு தையல். ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் திரும்பினோம். வாசலில் இறங்கியதும் சொன்னாள்: "இனிமே அந்த வீட்டுக்குப் போவலம்மா. வரப்போறதும் பதிமூணுதான்."