கிணறாகிப் போன மலை

ஹைதராபாத்,
12-10-1981

அன்புள்ள ரேணுவுக்கு,

பலராமன் எழுதுவது. எனக்கு ஜுரம் விட்டு, பசி எடுக்கிறது. அம்மாவின் முழங்கால் வீக்கம் வடிந்ததா?

ஆள் சேராவிட்டால் என் வரைபட வகுப்பை மூடிவிடுவார்கள் என்று எழுதியிருந்தேன். "மூடட்டுங்க, நீங்க தீபத்துக்கு ஊருக்கு வந்துடலாம்" என்று நீ பதில் போட்டாய். எனக்கும் உள்ளுக்குள் அதே ஆசைதான்.

போன வாரம் வகுப்பைப் பார்க்கக் கல்லூரி மாணவர்கள் வந்தார்கள். ஒரே கொட்டாவி. எனக்கு ரோஷம் வந்து, விமானத்திலிருந்து எடுத்த நம் ஊர் மலையின் படங்கள் இரண்டை மேஜையில் வைத்தேன். இரட்டைக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் மலை எழுந்து நிற்கும். அவசரத்தில் இடப்பக்கப் படத்தை வலப்பக்கம் வைத்துவிட்டேன். கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்து படிக்கும் ஒருவன் குனிந்து பார்த்துவிட்டு, "ஐயோ சார், நம்ம மலை கிணறு மாதிரி உள்ள பூடுச்சு!" என்று கத்தினான். எல்லோரும் முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள். படங்களை மாற்றி வைத்ததும் மலை விருட்டென்று எழும்பியது. "இன்னொரு வாட்டி காட்டுங்க சார்" என்று அவன் விடவே இல்லை. சாயங்காலத்துக்குள் அத்தனை பேரும் சேர்ந்துவிட்டார்கள். கார்த்திகையில் வகுப்பு தொடங்குகிறது.

எள்ளுப்பொடி கொஞ்சம் அனுப்பு. தலையணை உறை ஒன்றும் வேண்டும், நீ தைத்ததாக. கடையில் வாங்கிய உறையில் தூக்கம் வரவில்லை.

தபால் எடுக்கிற நேரமாகிவிட்டது. தீபத்தன்று நீ மாடியில் ஏறி மலையைப் பார். நானும் இங்கே அந்த இரட்டைக் கண்ணாடியில் பார்ப்பேன். இந்தப் படத்தில் தீபம் மட்டும் இருக்காது. அதை நீ பார்த்து எழுது.

உன்
பலராமன்